உத்தரவாதி

பந்தாய் வீதி வங்கியில்
என் எண் வரும்வரை
பெர்த் குளிருக்கு வாங்கிய ஜாக்கெட்
மடியில் கனத்தது.

மோட்டார் களவுபோன மாதமே
பினாங்கை விட்டவன்.
இல்லாத வண்டிக்கு எதற்குத் தவணை?
அன்று அது நியாயமாகத்தான் இருந்தது.

மிச்சம் ஆயிரத்து நாற்பது வெள்ளி, முப்பது காசு
என்றாள் லோகாம்பிகை.
அவ்வளவுதானா?
திரையை என் பக்கம் திருப்பினாள்.
மாதம் ஐம்பது, மாதம் ஐம்பது,
தீபாவளி மாதம் மட்டும் இருபது.
கட்டியவர்: கஜேந்திரன், உத்தரவாதி.

கையெழுத்துப் போட்ட அன்று
அவனுக்கு நான் வாங்கிக்கொடுத்தது
ஒரு தட்டு பசம்பூர்.

எண்ணிக் கட்டினேன்.
கறுப்புப் பட்டியலிலிருந்து இரண்டு பெயரும் நீங்குமாம்.
"கடிதம் போகும். அவர் முகவரி
இதுதானே?"

ஆயர் ஈத்தாம், நாலாவது மாடி.
அதே வாடகை வீடு.