விசேஷம் இல்லை

இரவு பதினொன்றரைக்கு
தக்கலை அலுவலகத்திலிருந்து ஒரு வரி போக வேண்டும்.
பதினேழு வருடமாய் அதே வரி:
'எல்கையில் விசேஷம் இல்லை.'
கீழே என் கையெழுத்து,
மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் ஊறிப் பரந்திருக்கும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழும் என்பார்கள்.
எனக்குக் காக்கைகளை எண்ணும் உத்தியோகம்.
எந்தப் பனை, எந்தக் குலை, எத்தனை மணிக்கு என்று
முன்கூட்டியே எழுதித் தரச் சொல்கிறது மேலிடம்.
இந்த மாவட்டத்தில் காக்கைக்குப் பஞ்சமில்லை.
பழம்,
என் சர்வீஸில் ஒன்றே ஒன்று விழுந்தது.

மாஹின் பதினாறு அலாரம் கடிகாரம் வாங்கினான்,
மார்த்தாண்டத்தில், ஒரே கடையில், ரொக்கத்துக்கு.
கடைக்காரர் சொன்னார், நான் எழுதினேன்.
குண்டு என்று எழுதவில்லை.
'கவனிக்கத்தக்கது' என்றுதான் எழுதினேன்.
மீலாது விழா வினாடி வினாவில் ஜெயித்த பிள்ளைகள்
ஆளுக்கொரு கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு போனதை
நானே நின்று பார்த்தேன்.
அதையும் எழுதி அனுப்பினேன்.
முதல் தாள் மட்டும் போய்ச் சேர்ந்தது போலும்.
பதினோரு மாதம் அவன் பாஸ்போர்ட் எங்கோ கிடந்தது.
தோஹா வேலைக்கு வேறொருவன் போய்விட்டான்.
இப்போது தேங்காப்பட்டணத்தில் ஐஸ் கட்டி உடைக்கிறான்.
என்னைக் கண்டால் சலாம் சொல்கிறான்.
அதில் கோபம் இருக்கிறதா என்று தேடுவேன்.
பிறகு வெட்கமாயிருக்கும்,
இதையும் குறித்துக்கொள்ளத்தானே தேடுகிறேன்.

பழம் விழுந்தது ஒரு ஓடைப் பாலத்தடியில்.
வைத்தவன் கடிகாரமே வாங்காதவன்.
மூன்று வருடம் என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து
பழம்பொரியைப் பாதி பிய்த்து எனக்கு நீட்டியவன்.
மகளின் பிளஸ் டூ மார்க்கைக் கேட்டு
"கெமிஸ்ட்ரி கொஞ்சம் கொறஞ்சு போச்சு, இல்லியா?"
என்று உண்மையாகவே வருந்தியவன்.

சென்னையிலிருந்து வந்தவர்கள் மேசையில் தாள்களைப் பரப்பினார்கள்.
வாடகைச் சீட்டு, பஸ் டிக்கெட், விற்ற ஆடு.
எல்லாம் அந்த ஒரு காலையைப் பார்த்தே கை நீட்டின.
"தெளிவாத்தானே இருந்திருக்கு?"
தெளிவுதான்.
ஈஸ்டருக்கு முந்திய வாரம்
அந்தச் சந்தையில் நாற்பது பேர் ஆடு விற்றார்கள்.
சொல்லவில்லை.
"ஆமா சார்" என்றேன்.

புஷ்பலீலாவின் தம்பி ஞானசிங்
ஆப்பிரிக்காவில் ஒரு தலைநகரத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக்.
ராணுவ முகாமில்தான் வேலை.
முந்தின இரவு கேப்டன் ஒருவரோடு
மீன் சுட்டுத் தின்றிருக்கிறான்.
காலையில் கருங்கலிலிருந்து இவள் போன் போட்டாள்:
"அங்க ஆட்சி கவுந்துட்டாமே, டிவியில காட்டுதான்."
"இஞ்ச ஒரு விசேஷமும் இல்லக்கா,
ரொட்டி வாங்க வரிசையில நிக்கேன்."
அவன் சொல்லி முடிப்பதற்குள்
கடை ரேடியோவில் பாட்டு நின்று
அணிவகுப்பு வாத்தியம் தொடங்கியது.
போன் வழியாக எங்களுக்கும் கேட்டது.

கேப்டன் பின்னொரு நாள் அவனிடம் சொன்னாராம்:
மாளிகை வாசலில் நின்ற காவலாளி
சுடுவானா, சல்யூட் அடிப்பானா என்று
கடைசி எட்டு வைக்கும்வரை தனக்கே தெரியாது.
காவலாளிக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.
பிறகு நான் எந்தத் தாளில் தேட?

திங்கள்சந்தை வரை பையோடு வந்து
பல்வலி பொறுக்காமல் திரும்பிப் போன ஒருவன்
இருந்திருக்கலாம்.
அந்த நாளுக்கும் நான் எழுதியது இதே வரி.
அது சரியா, தப்பா?

மணி பதினொன்று இருபது. வெளியே சாரல்.
கடலோரத்தில் சாயங்காலம் மாஹினைப் பார்த்தேன்.
ஐஸ் உளி பட்டு இடது கையில் துணி சுற்றியிருந்தான்,
துணி நனைந்து சிவந்திருந்தது.
"ஆஸ்பத்திரிக்குப் போனியாடே?" என்று கேட்டேன்.
போகவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன்.
ஏறும்போது ஒரு கணம் தயங்கினான்.

அதை எழுதவில்லை.