ஆறாயிரத்து ஐந்நூறு

பல் செய்கிறவள் நான்.
காரைக்குடியில் நான்கு டாக்டர்களுக்கு
என் மேசையிலிருந்துதான் பீங்கான் பற்கள் போகின்றன.
வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது;
பதினொரு வருடத்தில் படித்தது அவ்வளவே.

அதனால் விளக்கு வாங்கப் போனபோது
மாதிரிப் பற்கள் பதினாறையும்
கைப்பையில் எடுத்துப் போனேன்.
செக்காலை ரோட்டு மீன்கடையில்
ரபீக் ஒவ்வொரு விளக்காக எரியவிட
ஒவ்வொன்றின் கீழும் பல்லைக் காட்டினேன்.

ஊதாவில்
பதினாறும் வெற்றிலை போட்டிருந்தன.
“மீன் ஜொலிக்கும் மேடம்.”
நீலத்தில்
பதினாறும் பிணத்தின் வாயிலிருந்து வந்தவை.
மஞ்சள், கல்யாண வீடு:
அதில் யார் பல்லும் நல்ல பல்தான்.
கடைசியாக ஒன்று,
அட்டையில் ஆறாயிரத்து ஐந்நூறு கெல்வின்.
அதன் கீழே ஏ-டூ
ஏ-டூவாகவே இருந்தது.

“இதுதான்” என்றேன்.
“என்ன செடி?” என்றார்.
பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்,
காதில் விழவில்லை.

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின்
இரண்டாம் கட்டு அறை என் வாடகை.
இரண்டடித் தொட்டி,
சம்பை ஊற்றுத் தண்ணீர்,
முப்பத்தாறு வாட்,
தினமும் பத்து மணி நேரம்.
தாராளம் என் குணம்.

ஒன்பதாம் நாள் கண்ணாடியில் காறை படிந்தது.
பல்லின் காறைதான், நிறம் மட்டும் வேறு.
மெழுகு சீவும் கத்தியால் சுரண்டினேன்.
மறுநாள் மறுபடி.
வாலிஸ்னேரியாவுக்குப் பச்சைத் தாடி முளைத்தது.
கிரிப்டோ கரைந்து
கஞ்சியாகி அடியில் கிடந்தது.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன்.
கண்ணுக்கு விளக்கு தேடியிருக்கிறேன்.
செடிக்குக் கண் இல்லை,
வயிறு இருக்கிறது.
சிவப்பைத் தின்கிறது, நீலத்தைத் தின்கிறது,
பச்சையில் பெரும்பங்கைத்
திருப்பிக் கொடுத்துவிடுகிறது.
நான் உட்கார்ந்து ரசித்ததெல்லாம்
அது வேண்டாமென்று தந்த
சில்லறை.

விளக்கை ஒரு சாண் உயர்த்திக் கட்டினேன்.
ஒரு டைமர்: பிற்பகல் இரண்டிலிருந்து எட்டு,
ஆறே மணி நேரம்.
ஊருணியிலிருந்து ஒரு கைப்பிடி வேலம்பாசி
(அலசித்தான் போட்டேன்,
அப்படியும் நாலு நத்தை கூடவே வந்தது).
பசித்தவர்கள் நிறையப் பேர் பந்தியில் உட்கார்ந்தால்
பாசிக்கு இலை கிடைக்காது.
கஞ்சியான கிரிப்டோவின் வேரிலிருந்து
நகக்கண் அளவில் ஒரு இலை வந்தது,
காபி நிறத்தில்.

பராமரிப்புக்காக
ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்சாரம் இல்லை என்ற நாள்.
மூன்றே முக்கால் இருக்கும்.
மேல்ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே
வெயில் இறங்கித் தொட்டிக்குள் போனது,
ஒரு சிவப்புத் துண்டு, ஒரு நீலத் துண்டு.
சிவப்பு விழுந்த இலையிலிருந்து
குமிழி. இன்னொன்று. ஒரு சரம்.
ஏ-டூவை அங்கே நீட்டிப் பார்த்தேன்.
எந்த மனிதர் வாயிலும்
அப்படி ஒரு பல் இல்லை.
சரி, இது எனக்கானது இல்லை என்று
கையை எடுத்துக்கொண்டேன்.

டைமரை மறந்துவிட்டேன்.
மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும்;
எட்டு மணி நேரம் பின்தங்கிப்போய்
அன்றிரவு பத்து மணிக்குத்
தொட்டியில் மதியம் இரண்டானது.

எழுந்து உட்கார்ந்தேன்.
மீன்கள் மூலையில் விழித்தபடி நின்றன,
ராத்திரி பஸ்ஸில் விளக்கு போட்ட மாதிரி.
மேசையில் கொத்தமங்கலம் சொர்ணவல்லியின் கடைவாய்ப்பல்;
ஏ-த்ரீயா, ஏ-த்ரீ பாயிண்ட் ஃபைவா என்று
இரண்டு நாளாகத் தீராத சந்தேகம்.
தொட்டி விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
ஏ-த்ரீதான்.
கழுத்தோரம் மட்டும் கொஞ்சம் தேன் வேண்டும்.

தூரிகையை எடுத்தேன்.
டைமரைத் திருப்ப வேண்டும்,
இந்த ஒரு பூச்சு முடியட்டும்.