குறிப்பேட்டில் விட்டுப்போன நாட்கள்

ஹோர்லோ டாக்டர்,
கோபித்துக்கொள்ளும் முன் கேளுங்கள்.
நீங்கள் கட்டம் போட்டுக் கொடுத்த நோட்டில்
ஒன்பது கட்டம் காலி.
ஒன்பதுக்கும் கணக்கு இருக்கிறது.

முதல் மூன்றும் கருவியின் குற்றம்.
விடியலில் விரலைக் குத்தினேன்.
ரத்தம் வந்தது, எண் வரவில்லை.
குளிரில் அதற்கும் வாய் கட்டிவிட்டது.
அக்குளில் வைத்துச் சூடேற்றுவதற்குள்
லுவ்சான் தேநீரை நீட்டிவிட்டான்.
உப்புத் தேநீர்தான், ஆனாலும் பால்.
வெறும் வயிறு போயே போயிற்று.
மூன்று நாளும் இதே கதை.

நாலாவது, இன்சுலின் உறைந்த நாள்.
அதை நான் அசட்டையாய் வைக்கவில்லை.
பகலில் தோலுக்கும் சட்டைக்கும் நடுவே,
இரவில் எனக்கும் அவனுக்கும் நடுவே
மூன்றாவது ஆளாய்ப் படுத்திருந்தது அந்தப் பேனா.
ஓநாய்ச் சத்தத்தில் குதிரைகள் கலைந்து ஓடின.
அவன் பின்னால் விளக்கைத் தூக்கிக்கொண்டு
இந்த வயிற்றோடு நானும் போனேன்.
திரும்பி வந்தால் அடுப்பு அணைந்திருந்தது.
பேனாவுக்குள் பனி.
உருகிய பிறகு பார்க்கப் பழையபடி தெளிவுதான்.
உறைந்தது உருகினாலும் அது மருந்தில்லை
என்று நீங்கள் சொன்னது காதிலேயே நின்றது.

அடுத்த இரண்டும் வழியில் போயின.
நிலக்கரி லாரியில்
தொசொன்செங்கெல் வரை.
அங்கேதான் அந்த வெள்ளை மாத்திரையை
என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.
"இது உறையாது" என்றீர்கள்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.
"ஊசி மருந்து பிள்ளையின் வாசலோடு நின்றுவிடும்.
இது தாண்டி உள்ளே போகும்.
இதுவரை பார்த்த பிள்ளைகள் நன்றாகத்தான் பிறந்தார்கள்.
அவர்கள் உங்கள் வயதுக்கு வரும்போது எப்படி இருப்பார்கள்
என்று கேட்டால்,
எனக்குத் தெரியாது."
எனக்குத் தெரியாது என்று சொன்ன டாக்டரை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
அதனால்தான் வாங்கிக்கொண்டேன்.

ஏழும் எட்டும் வயிறு கலக்கிய நாட்கள்.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டில்
ராத்திரி நாலு தடவை வெளியே போய்ப் பாருங்கள்,
பிறகு நோட்டைப் பற்றிப் பேசலாம்.
வாயில் குதிரைக் கடிவாளத்தைக் கவ்விய ருசி வேறு.
சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொன்னீர்கள்,
நான்தான் மறந்தேன்.

ஒன்பதாவது நாளுக்குக் காரணம் இல்லை.
மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு
தேநீர் ஆடை கட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.
எங்கள் கூடாரத்துக்குள் வருகிறவர்
வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் வரவேண்டும்.
வந்தவர் யார், எந்த ஊர் என்பதெல்லாம்
தேநீர் கொடுத்த பிறகுதான் கேட்போம்.
அவளைத் தேடிப் போகிற முதல் அந்நியன் இவன்.
(அவள் என்று நானாகச் சொல்கிறேன்,
நீங்கள் ஸ்கேனில் சொல்லவில்லை.)
உள்ளே போய் எப்படி நடந்துகொள்வான்?
அவளுக்கு விருந்தாளிகளை உபசரிக்கத் தெரியுமா?

விழுங்கிவிட்டேன்.
விரலை மட்டும் குத்தவில்லை.
அன்றைக்கு எந்த எண்ணும் வேண்டாம் என்றிருந்தது.

வெள்ளை மாதப் பண்டிகையில்
பதினோரு வீட்டு மிட்டாயை உதட்டில் தொட்டு
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அந்த நாட்கள் எல்லாமே எழுதியிருக்கிறேன், பாருங்கள்,
ஒரே ஒரு எட்டு புள்ளி நாலு
(அது கொழுக்கட்டை).
இன்று காலை ஐந்து புள்ளி ஒன்று.

அடுத்த நோட்டில்
கட்டங்களைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.
கையுறையோடு எழுதுகிறேன்.