காந்தி என்றொரு ஊர்

கழுத்தில் தொங்கும் வழிகாட்டி அட்டையில்
'இத்தாலியன்' என்று அச்சிட்டிருக்கிறது.
ஒன்றரை வருடம் புதுச்சேரியில்
வாடகை கொடுத்துப் படித்தேன்.
வினைச்சொல்லுக்கு வால் முளைக்கும் மொழி.
நான் போனால் ஒரு வால்,
அவர்கள் போனால் வேறொன்று.
எல்லா வாலும் மனப்பாடம்.

ஒர்னெல்லா அம்மாள் மட்டும் மசியவில்லை.
தெற்குக் கோபுரத்துச் சுதையெல்லாம்
நான் எண்ணிச் சொல்லச் சொல்லக்
கொட்டாவியைக் கையால் மூடினாள்.
வெயிலில் தலை சுற்றுகிறதென்றாள்.
குழுவை வேனில் அனுப்பிவிட்டு
அவளுக்கொரு ஆட்டோ பிடித்தேன்.

கீழமாசி வீதியில்
வெங்காய மூட்டை இறக்கும் லாரிக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு வெள்ளைப் பசு.
அதற்கு வேறு ஜோலி இல்லை.
ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக் கத்தினார்:
"பொத்தா!"

பின்சீட்டில் யாரோ பிளக் சொருகியதுபோல்
நிமிர்ந்தாள் அவள்.

"மன்னிக்கணும் சார், வாய்ல வந்துருச்சு.
எட்டு வருசம் அந்த நாட்டு மலையில
மாட்டுக்கொட்டாய்ல கெடந்தேன்.
மொத நாளு மொதலாளி இதச் சொல்லவும்
போடாங்கிறாருன்னு பொட்டியத் தூக்கிட்டேன்.
பொறவுதான் தெரிஞ்சது, அவிங்களுக்கு அது
நம்ம ஆத்தாடி மாதிரி.
கல்யாணத்துக்கும் அதான், எழவுக்கும் அதான்."

பெயர் ஒச்சப்பன். ஊர் செக்கானூரணி.

நான் பசுவைக் காட்டி, முறைப்படி,
"வாக்கா" என்றேன்.
"வாக்கா இல்ல சார், அக்கா."
"அக்கா!" என்று கூவினாள் ஒர்னெல்லா,
மாசி வீதியில் உடன்பிறந்தவளைக் கண்டதுபோல்.

அதன்பின் நான் அந்த ஆட்டோவில் இல்லை.
பால் என்பதை லாத்தே என்று படித்தவன் நான்.
அவர்கள் வாயில் அது வெறும் லாச்.
நான் சேர்த்துவைத்த வாலையெல்லாம்
ஒட்ட நறுக்கிப் போட்டிருந்தார்கள்.
மாலை என்ற சொல்லில் ஸ உடைந்து
ஹீரா என்று காற்றாய்ப் போனது.
"நமக்கு ழ வராதுல்ல சார், அப்பிடித்தான்."
எனக்கு வரும்.
நேர்முகத் தேர்வுக்காகக் கண்ணாடி முன் நின்று
நாக்கை மடித்து மடித்துப் பழகிய
மேலூர்க்காரன் நான்.

எந்த ஊர் என்று கேட்டுவைத்தேன், சுத்தமான இலக்கணத்தில்.
"காந்தி" என்றாள்.
"மியூசியம்தானே? பாலம் தாண்டினால் வந்துவிடும்,
ஆனால் அது நாளைய நிரலில் இருக்கிறது."
இருவரும் சிரித்ததில் ஆட்டோ ஆடியது.
"அவுக ஊர் பேரு சார் அது.
போர்டுல காந்தினோ, வாய்ல காந்தி.
அவனியாபுரத்த நாம அவனியாவரங்கிறோம்ல."

யானைக்கல் பாலத்தில் சிரிப்பு நின்றது.
ஒச்சப்பன் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார்.
அவள் திருப்பிச் சொன்னாள், மெதுவாக.
எண்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன:
மூன்று. மாதமாக இருக்கலாம்.
இரண்டாயிரத்து எழுநூறு. அது மாதமாக இருக்க முடியாது.
கோபமில்லாத குரல்தான்,
ஆனால் கண்ணாடியில் அவர் பார்த்தது
சாலையை அல்ல.

கோரிப்பாளையம் சிக்னல்.
நூற்றுப்பத்து விநாடியும்
அவள் தன் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.
பிறகு ஒரே ஒரு வாக்கியம்,
அதில் 'என் கணவருடைய' என்பதுபோல் ஏதோ.
அப்புறம், பெருமூச்சோடு,
"பொத்தா."

விடுதி வாசலில் அவர் நம்பரை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கினாள்.
எனக்கு இருபது யூரோ கொடுத்தாள், நன்றியை
பாடப்புத்தகத்து மொழியில் சொல்லி.

அவள் மறைந்ததும் கேட்டேன்:
"என்னய்யா சொல்லுச்சு அந்தம்மா?
காசத் தருவாய்ங்களா, மாட்டாய்ங்களா?"
கேட்டது நான்தான்.
பதினோரு வருடம் கழித்து
என் வாயிலும் ஒரு வால்.

ஒச்சப்பன் மீட்டரைத் துடைத்தார்.
அது ஓடாத மீட்டர்.
"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.
நம்மூரு அக்கா
எம்புட்டு லிட்டர் கறக்கும்னு கேட்டாக."