கரி ஒட்டாத இடம்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
இதற்கு அப்படி இல்லை.
நடுக்கடலில் மிதவைமேல் இது கால் ஊன்றி நின்ற பிறகுதான்
வானம் கிழிந்த ஓசை
இரண்டு முறை வந்து சேர்ந்ததாம்.
காவலுக்குப் போன இழுவைப் படகின் சமையற்காரர்
வெங்காயம் நறுக்கியபடி கேட்டிருக்கிறார்.

குக்ஸ்ஹாஃபனுக்கு வந்தது
வியாழன் விடியலில், ஏற்றத்தோடு.
எல்பே ஆறு கடலாகும் இடத்தில்
காற்றாலை இறக்கைகள் அடுக்கிக் கிடக்கும் துறை எங்களுடையது.
ஒவ்வொன்றும் எண்பது மீட்டர். வெள்ளை.
அவற்றின் நடுவே இது
அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி.

ஒன்றரை பாகை சாய்வு.
மூன்றாம் காலுக்குள், நசுங்குவதற்கென்றே வைத்த அலுமினியத் தேன்கூடு
தன் வேலையை முடித்து நசுங்கியிருந்தது.
மூணாங்கால் நொண்டுது, என்றேன்.
என்ன சொன்னாய் என்று
கிரேன் கூண்டிலிருந்து ஹைகோ ரேடியோவில் கேட்டான்.
ஒன்றுமில்லை. பொறு.

பொறுத்தோம். தொட்டியின் மிச்ச அழுத்தம் சுழியத்துக்கு இறங்கும்வரை
மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது.
கடலிலேயே வடித்துவிட்டார்கள் என்று காகிதம் சொல்லும்.
காகிதம் கரையில் பிறந்தது.

பிறகு தூக்கினோம், கால்களை ஒவ்வொன்றாக மடக்கினோம்,
மழை பக்கவாட்டில் பெய்ய
தொட்டில்களின் மேல் கிடத்தினோம். ஏழாவது முறை.

எல்லோரும் கரியைப் பார்ப்பார்கள்.
நான் கரி இல்லாத இடத்தைத் தேடுவேன்.
இடுப்புக்கு மேலே ஒரு வெளிர் பட்டை:
உள்ளே திரவ ஆக்சிஜன், வெளியே உறைபனி.
தன் தீக்குள்ளேயே இது இறங்கி வந்தபோது
பனி படர்ந்த இடத்தில் கரி ஒட்டவில்லை.
எதுவரை குளிர் மிஞ்சியிருந்தது என்பதை
அந்த விளிம்பில் படிக்கலாம்.

வீப்கே வந்தாள், அலுவலகத்திலிருந்து, புது மழைச்சட்டையில்.
செவ்வாய்க்கிழமை அமைச்சர் வருகிறார்.
முழுக்கக் கழுவ முடியுமா, வெள்ளையாக?
முடியாது.
கழுவிவிட்டால் எதைப் படிப்பது?
பற்றவைத்த தையல்களின் மேல் மட்டும் துடைப்போம்,
உள்ளங்கை அகலம்,
பேருந்துக் கண்ணாடியில் ஆவியைத் துடைப்பதுபோல்.

எனக்கு ஏணி இப்போது இரண்டு மீட்டர்வரைதான்.
போன வாரம் கம்பெனி மருத்துவர்
என் முட்டியைத் தட்டி, மடக்கி, நீட்டி
மூன்று கட்டங்களில் நடுவிலதை டிக் செய்தார்:
நிபந்தனையுடன் தகுதி.
இதற்கும் ஏறக்குறைய அதே படிவந்தான்.
ஆகவே முதுகின்மேல் த்யார்க் ஏறினான், துணியும் விளக்கும் எடுத்துக்கொண்டு.
நான் கீழே ஒரு முக்காலி போட்டு
ஐந்தாம் என்ஜினுக்குள் பாம்புக் கேமராவை விட்டேன்.

டர்பைன் இதழ்கள் திரையில் ஒவ்வொன்றாக.
பதினெட்டு. பத்தொன்பது. தேநீர் ஆறிப்போனது.
நாற்பத்திரண்டில் ஒரு கோடு.
மயிரா? கரிக்கோடா?
ஒளியைச் சாய்த்தேன். வெறும் கோடென்றால் நிழல் விழாது.
விழுந்தது.

ஒன்று புள்ளி ஏழு மில்லிமீட்டர்.
இரண்டுவரை விடலாம் என்பது விதி.
ஆறாம் முறை வந்தபோது எடுத்த படத்தைத் தோண்டினேன்.
அதே இதழ், அதே அடிப்பகுதி. ஒன்று புள்ளி இரண்டு.
அப்போதும் கையெழுத்து என்னுடையதுதான்.

இந்தக் கணக்குக்கு விரல்கள் வேண்டாம்.
நடுக் கட்டத்தில் டிக் போட்டு
நிபந்தனை என்ற இடத்தில் எழுதினேன்:
ஐந்தாம் என்ஜினைக் கழற்றுக.
பேனா ஈரத் தாளில் ஓட மறுத்தது. இரண்டு முறை அழுத்தினேன்.

வீப்கே இன்னும் போகவில்லை.
கையுறையைக் கழற்றி அந்த வெளிர் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.
விரல் கருத்தது.
இது வெள்ளை இல்லையே, என்றாள்.
இல்லை, என்றேன். கொஞ்சம் குறைவு.
கைதுடைக்கத் தாள் கொடுத்தேன்; மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், துடைக்காமல்.

த்யார்க் இறங்கி வந்தான்.
முப்பத்தாறு போல்ட்டுகள்.
முதலாவது அசையவில்லை. உப்பு.