பெருவிரல்

முத்தையன்கட்டு இடதுகரைத் துருசின் திறப்பு
என் அரைஞாணில் கிடக்கிறது.
வயல் வயலாய் அவிழ்த்துவிடுகிற கை
இதற்கு மட்டும்
பதினைந்து நாளுக்கொருக்கால்
தேத்தண்ணிக் கரண்டியால் மூன்று.
இலையில் படாமல், தண்டில் படாமல்
சட்டி ஓரத்தால்.

இலை ஒவ்வொன்றும்
நடக்கத் தொடங்காத பிள்ளையின் குதிகால்.
அடுக்குக்குள் அடுக்காய்ச் சுற்றி
நடுவில் இன்னும் பிரியாத மூன்று மொட்டிலை.
மேலே சாம்பல் வெள்ளையில் ஒரு மா.
திருநீறோ என்று கேட்கிறார்கள்.
இல்லை,
வெயிலுக்கு அது தானே தைத்துப் போட்ட சட்டை.
தொட்டால் கழரும்.
கழன்ற இலைக்கு இன்னொன்று கிடையாது.

நுவரெலியாவில் பிரேமலதா நோனாவிடம்
இரண்டே கன்று இருந்தது.
விலையில் பாதிதான்
இன்றுவரை என் மனிசிக்குத் தெரியும்.
சப்பாத்துப் பெட்டியில், பழைய பேப்பர் நடுவே
கொண்டக்டர் திலகேசனின் சீற்றுக்கடியில்
மாங்குளம் சந்திக்கு வந்தது.
வழியில்
ஓமந்தையில் பெட்டியை அவிழ்த்தவன்
மீசை முளைக்காத பெடியனாம்.
'மே மொகக்த' என்றானாம்.
பெருவிரலால் ஒருதரம் அமத்திப் பார்த்தானாம்.
பழம் என்று நினைத்திருப்பான்.

வெளிச்சுற்றில் நாலாவது இலை.
ரேகையை எண்ணலாம்.
சுழி இடப்பக்கம் சரிந்தது,
ஓரத்தில் சின்னதாய் ஒரு வெட்டுக்காயம்.
அடையாள அட்டைக் கந்தோரில்
மைபூசி உருட்டினாலும் இப்படிப் பதியாது.

எங்கள் மண் இதற்கு ஆகாது.
வயல்மண் குடித்த தண்ணியை விடாது.
கிறவலை அரித்துப் பயறளவு கல்லெடுத்து
உமிக்கரி ஒரு சிரட்டை
உடைந்த ஓட்டுத்தூள் ஒன்றரைச் சிரட்டை.
மாப்பூச்சி வந்தால்
மகளின் பெயின்ற் தூரிகையை
ஸ்பிரிற்றில் நனைத்து ஒவ்வொன்றாய்.

சிறுபோகத்துக்குக் குளத்தில் ஒன்பதடி.
பாதி வயலுக்குத்தான் தண்ணி என்று
கமக்காரர் கூட்டத்தில் வாசித்த பின்னேரம்
ஐயம்பிள்ளை வந்து சட்டியைப் பார்த்தார்.
வறண்ட கல்லைக் கிளறினார்.
'இதிலயோ தம்பி நீ பழகினனி?'
அவர் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வர
அடுத்த மாரி ஆனது.

அந்த மாரி
பதினொரு நாள் விடவில்லை.
வான் பாய்ந்தது.
உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
குளக்கட்டிலேயே கிடந்தேன்.
வீட்டுக்கு வந்தால்
தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை,
நேர் கீழே சட்டி.

அடியிலைகள் கண்ணாடியாய் ஊறியிருந்தன.
தண்டில் அழுகல் மணம்.
தூண்டில் நைலோனைச் சுற்றி இழுத்தேன்.
வெட்டுவாய் கறுப்பு.
இன்னும் மேலே.
மண்ணிறம்.
இன்னும் மேலே. இதற்குமேல் தண்டில்லை என்கிற இடத்தில்
பச்சை.

தலையை வெறும் கிளாசின் வாயில் வைத்தேன்.
வேரில்லை, மண்ணில்லை,
ஒரு கரண்டியும் இல்லை.
வெளியே குளம் முட்டி வழிந்துகொண்டிருந்தது.
கையை எடுத்த பிறகுதான் பார்த்தேன்.
இலையெல்லாம் நான்.
பதினேழு இடம்.
ஒரு வருஷமாய் அந்தப் பெடியனை ஏசினேன்,
அவன் ஓரிடத்தில்தான் தொட்டான்.

அவனுடைய இலை
எப்போதோ அடிவரிசைக்கு இறங்கியிருந்தது.
ஊறவில்லை.
பக்கவாட்டில் அசைத்து முழுதாய்க் கழற்றி
ஈரமில்லா மணலில் கிடத்தினேன்.

நாலு கிழமை.
தண்ணி இல்லாமல் அது தன்னையே குடிக்கிறது.
இலை சுருங்கச் சுருங்க
ரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன.
பெடியனின் விரல் இப்போது
ஒரு குழந்தையின் விரலளவு.
முறிந்த நுனியில்
இளஞ்சிவப்பாய் என்னவோ ஒரு நூல்.
வேரோ, பூஞ்சணமோ.

லாம்பு வெளிச்சத்தில் தெரியவில்லை.
காலையில் துருசுக்குப் போக முன்
பார்க்க வேண்டும்,
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.