ஏழாவது வட்டம்

கேளஸ்கர் மேடம் வரைபடத்தை விரித்தபோது
தீவு வெறும் வெள்ளையாக இருந்தது.
சுற்றிலும் அலைக்கோடு, நடுவில் ஒரு எண்.
"எங்கே கொட்டினார்கள் என்று
யாருக்காவது தெரியுமா?"

படகில் இருந்த எல்லோரும்
கடலைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும்.
தாருகானாவில் கப்பல் உடைத்த காலத்தில்
டாங்க் அடியில் மிஞ்சும் கசடைப்
பீப்பாயில் அடைத்து
இரவு ஓதத்தில் இங்கே கொண்டுவந்தவன் நான்.
ஒன்பது வருஷம். நடைக்கு நூற்றிருபது ரூபாய்.
ஹிராஜி விளக்கை அணைத்துச் சுக்கான் பிடிப்பான்,
நானும் இசக்கிராஜும் உருட்டுவோம்.
விழும் சத்தம் குழிக்குக் குழி மாறும்.
புதுக் குழியில் பொத்தென்று.
நிரம்பிய குழியில் ஒன்றுமே கேட்காது.

பென்சிலை வாங்கினேன்.
எழுதிப் பழகாத கை,
வட்டமெல்லாம் முட்டை மாதிரி வந்தது.
மேடம் எதுவும் கேட்கவில்லை.
சாயாவை மட்டும் என் பக்கம் நகர்த்தினார்.
திட்டியிருந்தால் கை இவ்வளவு நடுங்கியிருக்காது.

பிறகு ஒன்றரை வருஷம்
அதே ஓதத்தில், பகலில் வந்தேன்.
மெட்ரோ சுரங்கத்து மண், களிமண், கருப்புத் தார்ப்பாய்,
வெட்டிவேர் நாற்று,
கரையெங்கும் முழங்கால் சேற்றில்
கண்டல் கன்றுகள் எண்ணாயிரம்.
பாதி செத்தது. மறுபடி நட்டோம்.
ஹிராஜியின் மகன் இப்போது சுக்கான் பிடிக்கிறான்.
அப்பா என்ன ஏற்றினார் என்று நான் சொன்னதில்லை.
என் முழங்கைத் தழும்பை அவனும் கேட்டதில்லை.

நாலாம் குழிமேல் ஒரு பப்பாளி
தானாக முளைத்தது,
எந்த மேஸ்திரி துப்பிய விதையோ.
குலைகுலையாய்க் காய்த்தது, வெட்கமில்லாமல்.
தின்னாதே என்று மூன்று பாஷையில் பலகை வைத்தார்கள்.
தமிழ் இல்லை.
எனக்கு வாசிக்கத் தேவையும் இல்லை.

சிவ்ரி சேற்றிலிருந்து பூநாரைகள் வரும்.
நாங்கள் கொட்டியபோதும் வந்தன,
புல் போட்டபோதும் வருகின்றன.
அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

படத்தில் ஆறு வட்டம் போட்டிருந்தேன்.

ஏழாவது ஒன்று உண்டு.
மழை இரவு. தூரத்தில் ரோந்துப் படகின் வெளிச்சம்.
ஒன்பது பீப்பாயையும் கைபோன போக்கில்
உருட்டிவிட்டு ஓடிவந்தோம்.
எந்த இடமென்று சத்தியமாகத் தெரியாது.
தெரியாததை எப்படி வரைவது
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
நல்ல காரணம்தான்.
பதினெட்டு மாசம் தாங்கியது.

சாப்பாட்டு நேரத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடப்பேன்.
பெருசு காத்து வாங்குது என்று பையன்கள் சிரிப்பார்கள்.
நான் உள்ளங்காலால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திறப்புக்கு நாலு நாள் இருக்கையில்
ஊஞ்சலுக்குக் கீழே
ஒரு பாய் அகலத்துக்குப் புல் பழுத்தது.
உப்பு என்றான் மாலி.
நாய் என்றான் சூப்பர்வைசர்.
நான் மேடத்தைக் கூப்பிட்டேன்.

குழாய் நாலடி இறங்கியதும்
அது மேலே வந்தது.
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
எனக்குப் பொத்தத் தோன்றவில்லை.
ஈரக் கைலி, பீடி, இசக்கிராஜ்,
எண்ணிக் கையில் வைக்கும் நூற்றிருபது.
ஈரல் கெட்டு அவன் சயான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது
ஆரஞ்சு வாங்கிப்போனதும்
இந்த வாசனையில்தான்.

மேடம் பென்சிலை நீட்டினார்.
சாயா வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திறக்கவில்லை.
பாவ்சா தக்காவில் முதல் படகுக்குக்
குடும்பம் குடும்பமாய் வந்தவர்களை
நான்தான் நின்று திருப்பி அனுப்பினேன்.
அது என் சம்பளத்தில் சேர்ந்த வேலை இல்லை,
கேட்டு வாங்கிக்கொண்டேன்.
ஒருவர் டிக்கெட்டைக் கிழித்து என் காலடியில் போட்டார்.
மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி
எப்போது என்று மராத்தியில் கேட்டாள்.
மழை முடிந்ததும் என்றேன்.
எந்த மழை என்று கேட்பதற்குள்
அவள் அம்மா கையைப் பிடித்து
இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.